அப்டேட்டுக்குப் பின் வைஃபை போனால்: பழைய கெர்னலா, டிரைவரா, புதுக் கார்டா?

லினக்ஸ் லேப்டாப்பில் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை போய்விட்டது என்பவர்கள் எல்லாரும் ஒரே கோளாறைச் சொல்வதில்லை. ஒருவருக்கு வைஃபை ஐகானே காணோம். இன்னொருவருக்கு ஐகான் இருக்கிறது, நெட்வொர்க் பட்டியல்தான் காலி. வேறொருவருக்குப் பட்டியல் வருகிறது, ஆனால் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. தேடினால் கிடைக்கும் ஆலோசனை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: பழைய கெர்னலுக்கு (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) போ, இந்த டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருள்) போடு, யுஎஸ்பி அடாப்டர் வாங்கு, எதுவும் சரிவராவிட்டால் ஓஎஸ்ஸையே புதிதாகப் போடு.

இவற்றில் எதையும் தவறென்று தள்ள முடியாது. எது யாருக்கு என்பதில்தான் குழப்பம். இவற்றை எடைபோட நான் பார்ப்பது ஒரே விஷயம்: அடுத்த கெர்னல் அப்டேட்டில் இதே கூத்து திரும்ப நடக்குமா? சில வழிகள் பத்து நிமிடத்தில் வைஃபையைக் கொண்டுவந்துவிடும். பிறகு ஒவ்வொரு அப்டேட்டின்போதும் கடன்காரன் மாதிரி வாசலில் வந்து நிற்கும். சில வழிகளுக்கு இன்று கொஞ்சம் அலைச்சல், அதோடு சரி.

தற்காலிக இணைப்பு

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பேக்கேஜ் இறக்க இணையம் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் லேப்டாப் அதை ஒரு ஈதர்நெட் இணைப்பாகவே பார்க்கும். வைஃபை டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போன் தானே வைஃபையில் இருந்தாலும் பெரும்பாலான மாடல்களில் அந்த இணைப்பையே லேப்டாப்புக்குக் கொடுக்கும்.

ஆர்ச் லினக்ஸ்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே கெர்னல் பேக்கேஜ் அப்டேட் ஆனவுடன், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலின் மாட்யூல்கள் (டிரைவர் போல, தேவைப்படும்போது கெர்னல் ஏற்றிக்கொள்ளும் துண்டுகள்) டிஸ்கிலிருந்து நீங்கிவிடும். ரீபூட் செய்யும்வரை புதிதாகச் செருகும் சாதனம் எதற்கும் மாட்யூல் ஏறாது. டெதரிங்கும் வேலை செய்யவில்லை, யுஎஸ்பி போர்ட்டே போய்விட்டது போல என்று பயப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு ரீபூட்தான் மருந்து.

எந்த அடுக்கு உடைந்தது?

இதைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் அது வெறும் சூதாட்டம். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் ‘கே’ தெரிவோடு ஓட்டுங்கள். பட்டியலில் நெட்வொர்க் கண்ட்ரோலர் என்று வைஃபை சிப்பின் பெயர் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் கீழே உள்தள்ளி வரும் வரிகளைப் பாருங்கள். அங்கே இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, இப்போது பயன்பாட்டில் இருக்கும் டிரைவரின் பெயர். இன்னொன்று, இந்தச் சிப்புக்குப் பொருந்தும் மாட்யூல்களின் பெயர்.

இரண்டு வரிகளும் இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது. கோளாறு அதற்கு மேலே. மாட்யூல் வரி மட்டும் இருந்து, பயன்பாட்டு வரி இல்லையென்றால், டிரைவர் டிஸ்கில் இருக்கிறது ஆனால் ஏறவில்லை அல்லது ஏறும்போது தோற்றுவிட்டது. ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கோப்பு இல்லாதது, ஏற்றக் கூடாதவற்றின் தடைப்பட்டியலில் மாட்யூல் பெயர் இருப்பது ஆகியவை இங்கே வரும். இரண்டுமே இல்லையென்றால் புதிய கெர்னலுக்கு அந்த மாட்யூலே வந்து சேரவில்லை. சிப்பின் பெயரே பட்டியலில் இல்லையென்றால் கார்டு பஸ்ஸில் (சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் பாதை) தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது லேப்டாப்பை முழுமையாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு ஆன் செய்து பாருங்கள். விண்டோஸும் கூடவே இருக்கும் லேப்டாப் என்றால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுவது நல்லது. விண்டோஸ் முழுதாக அணையாமல் கார்டைப் பாதி விழிப்பில் விட்டுப் போயிருக்கும். பழி லினக்ஸ் அப்டேட்டின்மேல் விழும்.

புளூடூத் ஓடுகிறதே, அப்படியானால் கார்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் கார்டுகளில் வைஃபை பெரும்பாலும் பிசிஐஇ வழியிலும் புளூடூத் யுஎஸ்பி வழியிலும் போகிறது. இரண்டுக்கும் டிரைவரும் வேறு, ஃபர்ம்வேரும் வேறு. ஒன்று ஓடுவது மற்றொன்றுக்குச் சாட்சி ஆகாது.

வைஃபைக்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். மென்பொருள் தடை என்று காட்டினால் அதே கட்டளையால் நீக்கலாம். வன்பொருள் தடை என்றால் விசைப்பலகையிலோ பக்கவாட்டிலோ இருக்கும் சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய கெர்னலுக்குத் திரும்புவது

இதைத் தீர்வு என்பதைவிடச் சோதனை என்றே சொல்வேன். சோதனை என்ற அளவில் இதற்கு நிகரான இன்னொன்று கிடையாது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள் (லினக்ஸின் வெவ்வேறு வடிவங்கள்) எல்லாம் முந்தைய கெர்னலை உடனே அழிப்பதில்லை. ஃபெடோரா இயல்பாக மூன்று கெர்னல்களை வைத்திருக்கும். பூட் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்தினால் கிரப் மெனு வரும், அங்கே பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். எதையும் நிறுவ வேண்டாம், எதுவும் மாறாது.

பழைய கெர்னலில் வைஃபை வந்துவிட்டால் குற்றவாளி கெர்னலோ அதனுடன் சேர்ந்த மாட்யூலோதான். அங்கும் வரவில்லையென்றால் கெர்னலை விட்டுவிடுங்கள். ஃபர்ம்வேர் பேக்கேஜ், இணைப்பை நடத்தும் சேவை, அமைப்புக் கோப்புகள் ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

அதிலேயே தங்கிவிடலாமா? சில வாரங்களுக்கு, சரி. கெர்னலில் ஒரு பிழை நுழைந்து, அடுத்த திருத்த வெளியீட்டில் அது போய்விடுவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் மாதக்கணக்கில் பழையதிலேயே பூட்டி வைத்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். டெபியன் வழியில் ஏப்டி-மார்க் கட்டளையால் பிடித்து வைக்கலாம், ஃபெடோராவில் வெர்ஷன்லாக் உண்டு. ஆர்ச்சில் ஒரு பேக்கேஜை மட்டும் பிடித்து வைத்து மற்றதையெல்லாம் அப்டேட் செய்வதை அந்த விநியோகமே ஆதரிப்பதில்லை. அங்கே இந்த வழி நீண்டநாள் ஓடாது. உபுண்டுவில் தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ், நீங்கள் நம்பியிருக்கும் பழைய கெர்னலையும் சேர்த்துக் கழித்துவிடக்கூடும். அதனால் அந்தப் பதிப்பைக் கைமுறையாக நிறுவப்பட்டது என்று குறித்து வையுங்கள்.

டைம்ஷிஃப்ட், ஓப்பன்சூசேயின் ஸ்னாப்பர் போன்றவற்றில் ஸ்னாப்ஷாட் (கணினியின் முந்தைய நிலையின் நகல்) வைத்திருப்பவர்களுக்குக் கெர்னல், ஃபர்ம்வேர், சேவைகள் எல்லாம் ஒரே அடியில் முந்தைய நிலைக்குப் போய்விடும். ஒரு பொறி மட்டும் உண்டு: கெர்னல் இருக்கும் பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்து, ஸ்னாப்ஷாட்டில் அது சேராவிட்டால், கெர்னல் புதிது, மாட்யூல்கள் பழையது என்று ஆகிவிடும். அப்போது வைஃபை மட்டுமல்ல, பாதிச் சாதனங்கள் ஏறாது.

டிரைவர், ஃபர்ம்வேர்

இந்தத் தலைப்புக்குள் மூன்று வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றின் செலவும் வேறு வேறு.

முதலாவது, விநியோகத்தின் பேக்கேஜ் விட்டுப்போனது. உபுண்டு 22.04, 24.04 போன்றவற்றில் வைஃபை டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னலின் ‘மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா’ என்ற தனிப் பேக்கேஜில் இருக்கின்றன. கெர்னல் மட்டும் வந்து அது வராமல் போனால் வைஃபை டிரைவரே இருக்காது. எல்எஸ்பிசிஐயில் இரண்டு வரியும் இல்லாமல் போவதற்கு உபுண்டுவில் இது ஒரு முக்கியக் காரணம். டெதரிங் போட்டு, பதிப்பு எண் பொருந்தும் பேக்கேஜை நிறுவினால் தீர்ந்தது. அடுத்த அப்டேட்டிலும் இப்படி ஆகாமல் இருக்க, கெர்னலின் பொதுவான மெட்டா பேக்கேஜ் (கெர்னலோடு சேர வேண்டியவற்றையும் இழுத்துவருவது) நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, ஃபர்ம்வேர். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் பொருத்தமான ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்றோ, கோப்பை ஏற்ற முடியவில்லை என்றோ ஒரு வரி இருக்கும். தேடிய கோப்பின் பெயரும் கூடவே இருக்கும். டெபியனில் இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12, கட்டற்ற உரிமத்தில் வராத ஃபர்ம்வேருக்கென்று களஞ்சியத்தில் தனிப் பிரிவைத் திறந்தது. டெபியன் 11-லிருந்து மேம்படுத்தியவர்கள், பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் மூலப்பட்டியலில் அந்தப் பிரிவைச் சேர்க்காவிட்டால், கெர்னல் புதிதாகிவிடும், ஃபர்ம்வேர் பழையதாகவே கிடக்கும். ஃபெடோராவில் ஃபர்ம்வேர் நிறுவனம் வாரியாகப் பல பேக்கேஜ்களாகப் பிரிக்கப்பட்டது. ஆர்ச்சிலும் 2025-இல் அதேபோல் பிரித்தார்கள். தேவையில்லை என்று எதையோ நீக்கியவர்களுக்கு அதில் வைஃபை ஃபர்ம்வேரும் போயிருக்கலாம். இந்த இரண்டு வேலைகளும் ஒருமுறை செய்தால் போதும். காரணம் இதுதான் என்று தெரிந்தால் யோசிக்காமல் இதையே செய்யுங்கள்.

மூன்றாவதுதான் வம்பு: கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவர். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு, ஒவ்வொரு புதிய கெர்னல் வரும்போதும் இந்த டிரைவரை மறுபடி கம்பைல் செய்து தருகிறது. கெர்னல் ஹெட்டர் பேக்கேஜ் (கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் கோப்புகள்) இல்லாவிட்டால் கம்பைல் ஆகாது. கெர்னலின் உள் இடைமுகம் மாறியிருந்தாலும் ஆகாது. ஆனாலும் அப்டேட் முடிந்துவிடும். திரையில் ஓடிப்போன நூறு வரிகளுக்கு நடுவே பிழைச்செய்தி இருந்ததை யார் பார்த்தார்கள்? கையொப்பமில்லாததை ஏற்காத செக்யூர் பூட் ஆன் செய்திருந்தால் இன்னொரு படி கூடும். கம்பைல் ஆன மாட்யூலுக்குக் கையொப்பம் இருக்க வேண்டும், அந்தச் சாவி கணினியில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாட்யூலை ஏற்றும்போது சாவி நிராகரிக்கப்பட்டது என்று வந்து நிற்கும். மோக்யூடில் கட்டளையால் சாவியைப் பதியலாம். ரீபூட் ஆகும்போது வரும் நீலத்திரையில் அதை உறுதிசெய்ய வேண்டும். அந்தத் திரை கொஞ்ச நேரமே காத்திருக்கும். தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிராட்காம் சிப்புகளுக்கான டபிள்யூஎல் டிரைவர் இதில் மோசமான உதாரணம். அதன் கடைசிப் பதிப்பு 2015-ஐச் சேர்ந்தது. அதன் பிறகு வந்த கெர்னல்களில் அது ஓடுவதெல்லாம் விநியோகங்கள் ஒட்டுப்போட்டுக் கொடுப்பதால்தான். அந்த ஒட்டு கெர்னலுக்குப் பின்னால் தாமதமாக வரும் ஒவ்வொரு முறையும் உங்கள் வைஃபை போகும். சில பழைய பிராட்காம் சிப்புகளுக்குக் கெர்னலிலேயே பி43 என்ற திறந்த டிரைவர் உண்டு. உங்கள் சிப் அதில் அடங்குமானால், வேகம் சற்றுக் குறைந்தாலும் அதையே தேர்ந்தெடுப்பேன்.

ரியல்டெக் கதை வேறு. ஒருகாலத்தில் இதன் பல சிப்புகளுக்கு வெளியே இருந்து டிரைவரை இறக்கிக் கம்பைல் செய்வதைத் தவிர வழியில்லை. 2019-இல் வந்த 5.2 கெர்னலில் ஆர்டிடபிள்யூ88 டிரைவரும், 2022 தொடக்கத்தில் வந்த 5.16-இல் ஆர்டிடபிள்யூ89 டிரைவரும் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டன. அதன்பின் இவை ஆதரிக்கும் சிப்புகளும் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் அன்று போட்ட வெளி டிரைவரைப் பலர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டுவைத்த கோப்பும் மோட்ப்ரோப் அமைப்பு அடைவில் அப்படியே கிடக்கும். அப்டேட்டில் வெளி டிரைவர் கம்பைல் ஆகாது, உள் டிரைவருக்குத் தடை. இரண்டும் இல்லாமல் நிற்பார்கள். இவர்களுக்குப் புதிய பதிப்பைத் தேடி அலைவது வேண்டாத வேலை. வெளி டிரைவரை நீக்கி, தடைக் கோப்பையும் அழித்து, ரீபூட் செய்தாலே பல லேப்டாப்களில் வைஃபை தானாக வந்துவிடும்.

நீண்டகால ஆதரவுக் கெர்னலா, ஆகப் புதியதா?

நிலையானது வேண்டுமென்றால் நீண்டகால ஆதரவுக் கெர்னல் என்பது பொதுவான பதில். 6.1, 6.6, 6.12 என்று அந்த வரிசையில் பல இருக்கின்றன. ஆர்ச் போல் ஓயாமல் உருளும் விநியோகங்களில் வழக்கமான கெர்னலோடு இதையும் சேர்த்து நிறுவி வைக்கச் சொல்வேன். டிஸ்கில் இடம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஒன்றில் வைஃபை போனால் மற்றதில் பூட் செய்யலாம். ஆர்ச் முந்தைய கெர்னலை வைத்துக்கொள்ளாது என்பதால் அங்கே இது இன்னும் அவசியம்.

ஆனால் லேப்டாப் புதிது என்றால் இதே ஆலோசனை தலைகீழாகிவிடும். மீடியாடெக் எம்டி7921 சிப்புக்கு 5.12-உம், எம்டி7925-க்கு 6.7-உம் குறைந்தபட்சம் வேண்டும். அப்படிப்பட்ட சிப்பை வைத்துக்கொண்டு பழைய கெர்னலுக்குப் போனால் டிரைவரே இருக்காது. புதிய சிப்புகளின் டிரைவர்கள் முதல் சில பதிப்புகளில் தடுமாறுவது வழக்கம். தூக்கத்திலிருந்து எழுப்பினால் இணைப்பு வராது, அவ்வப்போது அறுந்து விழும். இதற்கெல்லாம் தீர்வு முன்னால்தான் இருக்கிறது, பின்னால் இல்லை. உபுண்டு நீண்டகால வெளியீடுகளில், புதிய வன்பொருளுக்கென்று வரும் எச்டபிள்யூஇ வரிசைக் கெர்னலுக்கு மாறுவது இதற்காகத்தான்.

பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால்

பட்டியல் தெரிந்து இணைப்பு மட்டும் மறுக்கப்பட்டால் கெர்னலைத் தொடுவதற்கு முன், பாஸ்வேர்டைக் கொடுத்து வைஃபையில் இணைக்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் பேக்கேஜ் இந்த அப்டேட்டில் மாறியதா என்று பாருங்கள். 2024 ஜூலையில் வந்த அதன் 2.11 பதிப்புக்குப் பின் சில பிராட்காம் சிப்புகள் இணைய மறுத்தன. அலுவலகம், கல்லூரி போன்ற இடங்களில் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் வைஃபையில் மட்டும் சிக்கல் என்றால் சந்தேகம் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் மேல் விழ வேண்டும். அதன் 3-ஆம் பதிப்பு பழைய, பாதுகாப்பற்ற கைகுலுக்கல் முறைகளை மறுக்கத் தொடங்கியது, உபுண்டு 22.04-க்கு மாறியபோது பலர் இதில் மாட்டினார்கள். அந்த வைஃபையின் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வரைப் புதுப்பிப்பதே முறையான தீர்வு. நம் கையில் இல்லையென்றால் அமைப்புக் கோப்பில் தளர்த்தலாம். பாதுகாப்பு குறையும் என்று தெரிந்தே செய்ய வேண்டியது அது.

இங்கே இன்னொரு தேர்வும் உண்டு: இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் பின்னணியில், டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டுக்குப் பதில் ஐடபிள்யூடியை வைப்பது. சிறியது, சீக்கிரம் இணைகிறது. வீட்டு வைஃபைக்கு இது போதும். பயனர்பெயர் கேட்கும் நிறுவன வைஃபைக்கு மட்டும் அமைப்புக் கோப்பைக் கையால் எழுத வேண்டியிருக்கும். மாற்றுவதென்றால் பழைய சேவையை முடக்கிவிட்டு மாற்றுங்கள். இரண்டும் ஒரே கார்டைப் பிடித்திழுத்தால் இருந்ததும் போகும்.

5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்குகள் மட்டும் பட்டியலில் காணாமல் போனால் நாட்டுக் குறியீடு அமைந்திருக்கிறதா என்று ஐடபிள்யூ கட்டளையில் பாருங்கள். இணைப்பு வந்து வந்து அறுந்தால் நெட்வொர்க்மேனேஜரின் மின்சேமிப்பு அமைப்பை 3-லிருந்து (ஆன்) 2-க்கு (ஆஃப்) மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஐந்து நிமிட வேலைகள்.

மறுநிறுவல்

வேண்டாம். அதே விநியோகத்தின் அதே பதிப்பைப் போட்டு அப்டேட் செய்தால் அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். விநியோகத்தை மாற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் முதலில் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே ஓஎஸ் ஓடும் யுஎஸ்பி) பூட் செய்து வைஃபை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அங்கே எந்தக் கெர்னல், எந்த ஃபர்ம்வேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தத் தகவலே போதும், உங்கள் கணினியைச் சரிசெய்துவிடலாம்.

கார்டை மாற்றுவது

மென்பொருள் சிக்கலுக்கு வன்பொருள் வாங்குவதா என்று தயங்குவார்கள். டபிள்யூஎல் டிரைவரை நம்பியிருக்கும் பிராட்காம்காரர்களுக்கும், கெர்னலுக்குள் டிரைவரே இல்லாத சிப் வைத்திருப்பவர்களுக்கும் என் பதில் நேரானது: மாற்றிவிடுங்கள். மற்ற எல்லா வழியும் அவர்களுக்குத் தள்ளிப்போடல்தான்.

உள் கார்டு என்றால் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 பாதுகாப்பான தேர்வு. முதலாவதற்கு 5.1 கெர்னலும் இரண்டாவதற்கு 5.10-உம் தேவை, டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. வாங்கும்போது கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் வைஃபையின் பாதி வேலையை இன்டெல் பிராசசருக்குள் விட்டுவைத்தவை. ஏஎம்டி லேப்டாப்பில் அவை ஓடாது. பொருந்தாத இன்டெல் லேப்டாப்பிலும் ஓடாது. சுழியத்தில் முடிபவைதான் தனித்து நிற்கும் பிசிஐஇ கார்டுகள்.

திறப்பதற்கு முன் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் வைஃபை சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே மாற்ற எதுவுமில்லை. பழைய லெனோவா, எச்பி மாடல்கள் சிலவற்றில் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டுகளைத் தவிர மற்றதை ஏற்காமல் பூட்டையே நிறுத்திவிடும். இன்னும் பழைய மினி பிசிஐஇ லேப்டாப்களில் ஆண்டெனா முனைகள் பெரியவை, எம்.2 கார்டின் சிறிய பொத்தான்களில் அவை உட்காராது. உட்காரும் மாடல்களிலும் அந்த முனையைச் சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். செங்குத்தாக வைத்து, மெல்லிய கிளிக் கேட்கும்வரை விரல் நுனியால் அழுத்த வேண்டும்.

திறக்க முடியாதவர்களுக்கு யுஎஸ்பி அடாப்டர். இங்கே பெட்டியில் இருக்கும் பிராண்டைப் பார்ப்பதில் பயனில்லை, உள்ளே இருக்கும் சிப்பைப் பார்க்க வேண்டும். ஒரே மாடல் எண்ணில் பதிப்பு மாறும்போது சிப்பும் மாறிவிடுவதுண்டு. லினக்ஸ் ஆதரவு உண்டு என்று அட்டையில் எழுதியிருந்தாலும், அது இறக்கிக் கம்பைல் செய்யும் டிரைவராக இருக்கலாம். அதை வாங்கினால் விட்டு ஓடிய இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று. மீடியாடெக் எம்டி7612யு சிப்புக்கு 4.19 முதலும், எம்டி7921ஏயு சிப்புக்கு 5.18 முதலும் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. செருகியதும் வைஃபைக்குப் பதில் ஒரு சிடி டிரைவ் போலத் தோன்றும் அடாப்டர்களும் உண்டு. விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்து விற்பதால் அப்படி. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் பேக்கேஜ் இருந்தால் அதைத் தட்டி வைஃபையாக மாற்றும். லேப்டாப்பின் ஓரத்தில் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதும் ஒரு போர்ட் போவதும்தான் அடாப்டரின் குறை.

எது வாங்கினாலும், மாற்றிய பின் பழைய டிகேஎம்எஸ் பேக்கேஜை நீக்க மறக்காதீர்கள். கார்டு போனாலும் அந்தப் பேக்கேஜ் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் கம்பைல் செய்யப் பார்த்து, தோற்று, டெபியன் வழி விநியோகங்களில் மொத்த அப்டேட்டையே பாதியில் நிறுத்திவிடும்.